படுக்கையை மடிச்சு வெச்சா உலகம் மாறிடுமா? அட்மிரல் மெக்ரேவன் பேச்சு பத்தி கொஞ்சம் விரிவா

கேள்வி இதுதான்: "இந்த வருஷம் டிகிரி முடிக்கிறேன் சார். எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு அமெரிக்க கடற்படை அதிகாரி பட்டமளிப்பு விழாவுல பேசின வீடியோவை ஆளாளுக்கு ஃபார்வர்ட் பண்றாங்க. காலையில எந்திரிச்சதும் படுக்கையை ஒழுங்கா மடிச்சு வை, உலகத்தையே மாத்தலாம்ங்கறாரு. இதைத்தான் எங்க ஆச்சி தினமும் கத்துது. இதுல அப்படி என்ன சார் இருக்கு?"

ஆச்சி சொல்றது கரெக்ட்டு தான் தம்பி, அதுல எனக்கு சண்டையே இல்ல. எங்க வீட்லயும் படுத்த பாயை சுருட்டாம எந்திரிச்சுப் போனா மூதேவி வந்து படுத்துக்குவான்னு சொல்லி எங்கம்மா விளக்குமாத்தோட நிப்பாங்க. ஆனா நீங்க பாத்தது முழு வீடியோவா இருக்காதுன்னு நினைக்கிறேன், ரெண்டு நிமிஷ கட்டிங்கா இருக்கும், பின்னாடி உருக்கமா ஒரு பியானோ வேற ஓட விட்டிருப்பாங்க. முழுப் பேச்சு சுமார் 20 நிமிஷம். நான் காலேஜ்ல பாடம் எடுக்க வந்து 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, வருஷா வருஷம் பட்டமளிப்பு விழா அன்னைக்கு கருப்பு கவுனை மாட்டிக்கிட்டு வேர்த்து ஊத்த மேடைக்குக் கீழ முன் வரிசையில உக்காந்திருக்கிற ஜாதி நான், அதனால இந்த மாதிரி பேச்சு எத்தனை கேட்டிருப்பேன்னு கணக்கே கிடையாது, அதுல மனசுல நின்னதை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். நேர்ல கேக்காம யூட்யூப்ல மட்டும் பாத்தும் நின்னுபோன பேச்சு இது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

பேசினவர் வில்லியம் மெக்ரேவன். நாலு ஸ்டார் அட்மிரல். 2014 மே 17ஆம் தேதி சாயங்காலம், அமெரிக்காவுல ஆஸ்டின் நகரத்துல இருக்கிற டெக்சஸ் யுனிவர்சிட்டியில பேசினாரு. எதிர்ல பட்டம் வாங்குற பசங்க மட்டும் கிட்டத்தட்ட 8,000 பேர். அவரும் அதே யுனிவர்சிட்டியில தான் 1977ல ஜர்னலிசம் படிச்சு முடிச்சவர், முடிச்ச கையோட நேவியில சேர்ந்து சீல் படைக்குப் போயிட்டாரு. சீல்னா கடல், ஆகாயம், தரை மூணுலயும் சண்டை போடுற அமெரிக்க நேவியோட ஸ்பெஷல் படை. பேசின அன்னைக்கு அவர் அமெரிக்காவோட ஸ்பெஷல் படைங்க மொத்தத்துக்கும் தலைமை கமாண்டர். வெள்ளை வெளேர்னு யூனிபார்ம், நெஞ்சு முழுக்க மெடல் பட்டை. இப்படி ஒருத்தர் மேடை ஏறினா நாம என்ன எதிர்பார்ப்போம், தேசம், தியாகம், இளைஞர் சக்தின்னு ஒரு அரை மணி நேரம் போட்டுத் தாக்குவாருன்னு தானே.

அவர் ஆரம்பிச்சது எப்படின்னா, நான் இங்க பட்டம் வாங்கி 37 வருஷம் ஆகப்போகுது, அந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, முந்தின நாள் ராத்திரி பார்ட்டியில ஆட்டம் போட்டதுல மண்டை விண்ணு விண்ணுன்னு வலிச்சது ஞாபகம் இருக்கு, அப்ப ஒரு பொண்ணை சீரியஸா காதலிச்சேன், பின்னாடி அந்தப் பொண்ணையே கட்டிக்கிட்டேன், இது ஞாபகம் இருக்கிறது ரொம்ப முக்கியம், அன்னைக்குத் தான் நேவியில ஆபீசரா கமிஷன் ஆனேன், அதுவும் ஞாபகம் இருக்கு, ஆனா அன்னைக்கு மேடையில பேசின சீஃப் கெஸ்ட் யாரு, என்ன பேசினாருன்னு மட்டும் சுத்தமா ஞாபகம் இல்ல. அதனால என் பேச்சை நீங்க மறக்காம வெச்சுக்கணும்னு கேக்க மாட்டேன், சீக்கிரமா முடிக்கப் பாக்குறேன்னாரு. கூட்டம் சிரிச்சுருச்சு.

இது ஜோக்கா மட்டும் எடுத்துக்காதீங்க. மேடை ஏறுற எல்லாருக்கும் தெரிஞ்ச உண்மை இது, யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க, அவ்வளவு தான். நம்ம ஊர் விழாவையே எடுத்துக்கங்க, சீஃப் கெஸ்ட் ரெண்டு மணி நேரம் லேட், குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப்பரிசு, அதுக்கப்புறம் மைக் பிடிச்சு நீங்கள் தான் நாளைய தூண்கள்ம்பாரு. எத்தனை வருஷமா எத்தனை தூண், கட்டடத்தைத் தான் காணோம். பசங்க அம்மா அப்பா கூட செல்ஃபி எடுக்கிறதுலயும் சாப்பாட்டு டோக்கன் எங்க குடுக்குறாங்கன்னு பாக்குறதுலயும் தான் இருப்பாங்க, அவங்க மேல தப்பே இல்ல. தான் பேசறது காத்தோட போயிரும்னு தெரிஞ்சே ஏறின ஆளு, அப்ப எதை விட்டுட்டுப் போனா தங்கும்னு யோசிச்சு வந்திருக்காருங்கறது அந்த முதல் நிமிஷத்துலயே புரியுது.

இப்ப எனக்கு இந்தப் பேச்சுல ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வரேன், இதை யாரும் பெருசா பேசி நான் பாக்கல. இந்த மனுஷன் பேசாம விட்டது என்னங்கறது தான் அது. 2011 மே மாசம் பாகிஸ்தான்ல அபோட்டாபாத்ல பின்லேடனைப் பிடிக்கப் போனாங்களே, அந்த ஆபரேஷனை நடத்தினது சாட்சாத் இவரே தான். ஆப்கானிஸ்தான்ல உக்காந்துக்கிட்டு நிமிஷத்துக்கு நிமிஷம் வாஷிங்டனுக்குத் தகவல் சொல்லிக்கிட்டு இருந்தவரு. உடம்பு வந்து சேர்ந்ததும் இது பின்லேடன் தானான்னு உயரத்தை அளக்கணும், அளக்க டேப் இல்ல, ஆறடி ரெண்டு அங்குலம் இருக்கிற ஒரு வீரரைப் பக்கத்துல படுக்கச் சொல்லி அளந்தாரு, அப்புறம் ஒபாமா கிண்டலா ஒரு மெஷரிங் டேப்பையே பரிசா குடுத்தாரு. இந்தக் கதையை எடுத்து விட்டிருந்தா 8,000 பசங்களும் எந்திரிச்சு நின்னு கைதட்டியிருப்பாங்க. மூணு வருஷம் தான் ஆகியிருந்துச்சு, சூடு ஆறாத கதை. அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

ஈராக், ஆப்கானிஸ்தான் பத்தி ரெண்டு சின்ன உதாரணம் வருது, அதுல கூட ஹீரோ அவர் இல்ல. பாக்தாத்ல ஒரு சின்ன வயசு ஆபீசர் இடது பக்கம் திரும்பினதால கூட இருந்த பத்து பேர் தப்பிச்சாங்க, காந்தஹார்ல ஒரு பெண் அதிகாரி ஏதோ சரியில்லன்னு உள்ளுக்குள்ள தோணி படையை வேற வழியில திருப்பி விட்டதால 500 பவுண்டு வெடிகுண்டுலேர்ந்து ஒரு டஜன் பேர் பிழைச்சாங்க, அவ்வளவு தான். மத்தபடி அவர் சொன்ன பத்து பாடமும் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. எல்லாமே டிகிரி முடிச்ச உடனே அவர் போய்ச் சேர்ந்த அந்த ஆறு மாச அடிப்படை பயிற்சியிலேர்ந்து தான். அப்ப அவருக்கு இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு வயசு. எதிர்ல உக்காந்திருக்கிறவங்களுக்கும் அதே வயசு. 36 வருஷ சர்வீஸ்ல எவ்வளவோ கிடந்தும், உங்க வயசுல நான் எப்படி அடி வாங்கினேன்ங்கறதை மட்டும் தான் சொல்றாரு. நாலு ஸ்டாரைக் கழட்டி வெச்சுட்டு உங்க பக்கத்து சேர்ல வந்து உக்காந்த மாதிரி. உபதேசம் பண்றவங்க எல்லாம் வழக்கமா தான் ஜெயிச்சு நிக்கிற இடத்துலேர்ந்து கீழ பாத்து பேசுவாங்க, கேக்குறவனுக்கு அந்த உயரத்துக்கு ஏணியே தெரியாது.

இப்ப படுக்கைக்கு வரேன். பயிற்சி நடக்குற இடம் கலிபோர்னியாவுல சான் டியாகோ பக்கத்துல இருக்கிற கொரோனாடோ. தினமும் காலையில இன்ஸ்ட்ரக்டருங்க ரூமுக்கு வருவாங்க, எல்லாரும் வியட்நாம் சண்டையைப் பாத்துட்டு வந்தவங்க, வந்ததும் முதல் செக்கிங் படுக்கை தான். மூலை மடிப்பு சதுரமா இருக்கணும், விரிப்பு சுருக்கம் இல்லாம இழுத்து விட்டிருக்கணும், தலையணை நட்ட நடுவுல, உபரி கம்பளி கால்மாட்டுல அழகா மடிச்சு. பெரிய போர்வீரனாகணும்னு வந்தவனுக்கு இது கேலிக்கூத்தா தான் தெரிஞ்சுதுன்னு அவரே ஒத்துக்கிறாரு. காரணம் என்ன சொல்றாருன்னா, காலையில ஒரு வேலையை முடிச்சுட்டோம்ங்கற ஒரு சின்ன கெத்து அடுத்த வேலைக்குத் தள்ளி விடும், சின்னதை ஒழுங்கா செய்யாதவன் பெருசையும் ஒழுங்கா செய்ய மாட்டான். இது வரைக்கும் ஆச்சி சொல்றது தான். அதுக்கப்புறம் சொன்னாரு பாருங்க, ஒருவேளை அந்த நாள் நாசமா போச்சுன்னாலும், ராத்திரி வீட்டுக்கு வர்றப்ப மடிச்சு வெச்ச படுக்கை ஒண்ணு உங்களுக்காக காத்துக்கிட்டு இருக்கும், அதை மடிச்சது நீங்க தான்னு. கட்டிங் வீடியோவுல பாதி நேரம் இந்த இடத்தை வெட்டிடுறாங்க. எனக்கு முழு பேச்சுல முதல் தடவை தொண்டை அடைச்ச இடம் இது. இன்டர்வியூல ஊத்திக்கிட்டு, பஸ்ல நின்னுக்கிட்டே வந்து, ரூம் கதவைத் திறந்தா காலையில போட்டது போட்டபடி லுங்கியும் துண்டும் போர்வையும் ஒரே குப்பையா கிடந்தா எப்படி இருக்கும்னு ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்குத் தெரியும்.

இதை வெச்சு 2017ல ஒரு சின்ன புத்தகமே போட்டாரு, அதுல ரெண்டு விஷயம் வரும். 2001ல பாராசூட் குதிக்கிறப்ப விபத்தாகி இடுப்பெலும்பு விலகி, கொஞ்ச நாள் படுக்கையிலேயே கிடந்திருக்காரு, அந்தப் படுக்கையை அவரால சரி பண்ண முடியாம போனது. இன்னொண்ணு சதாம் உசேன் பிடிபட்டு காவல்ல இருந்தப்ப இவர் தினமும் போய்ப் பாத்திருக்காரு, அங்க சதாமோட கட்டில் விரிப்பு எப்பவும் கசங்கியே கிடந்துச்சாம். இது ஓவர் தான், கட்டில் மடிக்காத நல்லவங்களும் நிறைய பேர் இருக்கோம்.

அடுத்தது துடுப்பு. பயிற்சியில ஏழு ஏழு பேரா பிரிச்சு ரப்பர் படகு குடுப்பாங்க, பக்கத்துக்கு மூணு பேர், திசை பாக்க ஒருத்தர். குளிர் காலத்துல சான் டியாகோ கரையில அலை எட்டு பத்து அடிக்கு எழும்பும், ஒருத்தன் துடுப்புல ஏமாத்தினாலும் படகு குப்புற அடிச்சு கரைக்கே திரும்பி வந்துரும். 150 பேரோட ஆரம்பிச்ச அவங்க பேட்ச் சில வாரத்துல 42 ஆயிருச்சு, அதாவது ஆறு படகு. இவர் நெட்டைப் பசங்க படகுல இருந்தாரு. ஆனா எல்லாரையும் தூக்கி சாப்பிட்டது ஒரு குள்ளப் பசங்க படகு, அதுல ஒருத்தனும் அஞ்சடி அஞ்சு அங்குலத்துக்கு மேல இல்ல, ஒருத்தர் அமெரிக்க பூர்வகுடி, ஒருத்தர் கருப்பினத்தவர், ஒருத்தர் போலந்து வம்சாவளி, ஒருத்தர் கிரேக்க வம்சாவளி, ஒருத்தர் இத்தாலிய வம்சாவளி, இன்னும் ரெண்டு பேர் மிட்வெஸ்ட்னு சொல்ற அமெரிக்க நடுமேற்குப் பகுதிப் பசங்க. நீச்சலுக்கு முன்னாடி அவங்க குட்டிக் காலுல மாட்டுற குட்டி ஃப்ளிப்பரைப் பாத்து நெட்டைங்க கிண்டல் பண்ணுவாங்களாம், ஆனா கரைக்கு முதல்ல வந்து சேர்றது அந்தக் குட்டி ஃப்ளிப்பர் தானாம். ஒரு ஆளை அவன் மனசோட அளவை வெச்சு எடை போடு, ஃப்ளிப்பரோட அளவை வெச்சு இல்லன்னு முடிக்கிறாரு.

ஆனா என்னைக் கேட்டா இந்தப் பேச்சோட உசுரு படுக்கையில இல்ல, சுகர் குக்கியில இருக்கு. வாரத்துல பல தடவை யூனிபார்ம் செக்கிங் நடக்கும். தொப்பி கஞ்சி போட்ட மாதிரி விறைப்பா, சட்டை மடிப்பு கலையாம, பெல்ட் பக்கிள்ல விரல் ரேகை கூட இல்லாம பளபளன்னு. ராத்திரி முழுக்க தேய்ச்சு வெச்சிருப்பான் பையன். இன்ஸ்ட்ரக்டர் வருவாரு, சுத்திப் பாப்பாரு, ஏதாவது ஒரு குறை சொல்லுவாரு. எவ்வளவு தேய்ச்சாலும் குறை சொல்லுவாரு. தண்டனை என்னன்னா போட்ட உடுப்போட கடல்ல ஓடி விழுந்து தொப்பலா நனைஞ்சு, அப்படியே கரைக்கு வந்து மணல்ல உருளணும், உடம்புல ஒரு இடம் பாக்கி இல்லாம மணல் ஒட்டுற வரைக்கும். சர்க்கரை தூவின பிஸ்கட் மாதிரி ஆயிருவான், அதனால சுகர் குக்கி. அந்த ஈரத்தோட, மணலோட, குளிர்ல, மிச்ச நாள் முழுக்க அப்படியே இருக்கணும்.

நிறைய பேர் இதைத் தாங்க முடியாம போயிட்டாங்களாம். உடம்பு தாங்காம இல்ல, நியாயம் தாங்காம. நான் எல்லாம் சரியா தானே பண்ணேன், அப்புறம் ஏன்? இந்தக் கேள்வியிலேயே சிக்கிட்டாங்க. மெக்ரேவன் சொல்றாரு, அவங்களுக்கு அந்த டிரில்லோட நோக்கமே புரியல, அந்த யூனிபார்ம் செக்கிங்ல யாரும் பாஸ் ஆகவே முடியாது, பாஸ் ஆக விடறதுக்கு வெச்ச செக்கிங்கே இல்ல அது. சில சமயம் நீ எவ்வளவு ஒழுங்கா இருந்தாலும் சுகர் குக்கி ஆவ, வாழ்க்கை சில நேரம் அப்படித்தான், தட்டி விட்டுட்டு நட.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்குதுன்னா, நானே மூணு வருஷம் மணலோட சுத்தினவன். ஒரு காலேஜ்ல, பேரு வேண்டாம், நிரந்தர போஸ்டிங்குக்கு இன்டர்வியூ. பேப்பர் எல்லாம் கரெக்ட், மார்க்கு கரெக்ட், டெமோ கிளாஸ் முடிஞ்சதும் போர்டுல இருந்த ஒரு பெரியவரே தட்டிக் குடுத்தாரு. அதுக்காகவே எங்கப்பா தச்சுக் குடுத்த வெள்ளை சட்டை, இஸ்திரிக்காரரு எதுக்கு சார் இவ்வளவு விறைப்புன்னு கேட்டாரு. லிஸ்ட் வந்துச்சு, வேற பேரு. ஏன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டாங்க. அதுக்கப்புறம் மூணு வருஷம் நான் யாரைப் பாத்தாலும் அந்தக் கதையைத் தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், கல்யாண வீட்டுல, டீக்கடையில, ரயில்ல எதிர் சீட்டுல உக்காந்தவர்கிட்ட கூட. ஒரு நாள் என் மனைவி, இந்தக் கதையை இன்னும் எத்தனை பேருக்குங்க சொல்லப் போறீங்கன்னு சோறு போட்டுக்கிட்டே கேட்டா. அவ்வளவு தான், வேற எதுவும் சொல்லல. இந்த வீடியோவை நான் பாத்தது அதுக்கெல்லாம் ரொம்ப வருஷம் கழிச்சு, பாத்ததும் முதல்ல ஞாபகம் வந்தது அந்தச் சட்டை.

ஆனா இங்க ஒரு எச்சரிக்கை போட்டுக்கிறேன், ஏன்னா இதை மேலதிகாரிங்க கையில குடுத்தா ஆபத்து. அநியாயம் நடந்தா பொத்திக்கிட்டுப் போங்கறதுக்கு இதை சாக்கா வெச்சுக்குவாங்க. அவர் பேசினது காரணமே இல்லாம வாங்குற அடியை உள்ளுக்குள்ள எப்படி எடுத்துக்கறதுங்கறது பத்தி. கேள்வி கேக்க வேண்டிய இடத்துல கேக்காதேன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டா தப்பு, ஏன்னா அதே பேச்சுல தாழ்த்தப்பட்டவங்களைத் தூக்கி விடு, அடக்குறவங்களை எதிர்த்து நில்லுன்னும் சொல்றாரு. இன்னொரு விஷயம், இதைச் சொல்ற தகுதி அவருக்கு உண்டு. 1983ல சீல் டீம் சிக்ஸ்ல இருந்தப்ப அவரோட கமாண்டரே அவரைத் தூக்கிட்டாரு, வேலை போன மாதிரி தான். அங்கேர்ந்து திரும்ப ஏறி வந்து தான் நாலு ஸ்டார். இந்தக் கதையையும் அன்னைக்கு மேடையில சொல்லல பாருங்க.

அடுத்து சர்க்கஸ், இது நம்ம பசங்களுக்கு பட்டுன்னு புரியும். ஓட்டம், நீச்சல், உடற்பயிற்சி எல்லாத்துக்கும் டைம் உண்டு, பிந்தினா சாயங்காலம் போர்டுல பேரு ஒட்டிருவாங்க. பேரு வந்தவனுக்கு எக்ஸ்ட்ரா ரெண்டு மணி நேரம் உடற்பயிற்சி, அதுக்குப் பேரு சர்க்கஸ். இன்னைக்கு சர்க்கஸ்னா உடம்பு ஓய்ஞ்சு போயி நாளைக்கும் பிந்துவான், நாளைக்கும் சர்க்கஸ். அப்படியே அரியர் மாதிரி, ஒரு பேப்பர் நிக்கும், அதைப் படிக்கப் போயி இந்த செமஸ்டர் பேப்பர் நிக்கும், ரிசல்ட் அன்னைக்கு நோட்டீஸ் போர்டு பக்கம் போகவே கால் வராது. எனக்கு மேத்ஸ்ல ஒரு பேப்பர் மூணு அட்டெம்ட். ஆனா அந்த லிஸ்ட்ல திரும்பத் திரும்ப வந்தவங்க உடம்பு தான் நாளாக நாளாக இறுகிப் போச்சுங்கறாரு மெக்ரேவன். அது உண்மை தான் போல, நான் இன்னைக்கு வரைக்கும் புத்தகத்தைத் திறக்காம கரும்பலகையில போடுறது அந்த ஒரு பேப்பர் பாடத்தை மட்டும் தான்.

மிச்சத்தை சட்டுனு சொல்லிடறேன். 200 அடி கயித்துல எல்லாரும் ஜாக்கிரதையா கயித்துக்குக் கீழ தொங்கிக்கிட்டே நகர்றப்ப, ஒருத்தன் கயித்து மேல படுத்து தலைகுப்புற சறுக்கிப் போயி பல வருஷ ரெக்கார்டை உடைச்ச கதை. சான் கிளமெண்டே தீவு பக்கம் வெள்ளைச் சுறா இருக்கிற கடல்ல ராத்திரி நீச்சல், இதுவரைக்கும் எந்த மாணவனையும் சுறா தின்னதில்ல, சமீபத்துல தின்னதில்லன்னு இன்ஸ்ட்ரக்டர் தைரியம் சொல்லுவாராம், வந்தா மூக்குல குத்துன்னு ஐடியா வேற. கப்பலுக்கு அடியில கும்மிருட்டுல தன் கையே தனக்குத் தெரியாத இடத்துல நிதானம் இழக்காம இருக்கிறது. எல்லாம் நல்லா இருக்கும், வீடியோவுலயே பாத்துக்கங்க. ஆரம்பத்துல ஒரு கணக்கு போடுவாரு, 8,000 பேர் ஆளுக்குப் பத்து பேர் வாழ்க்கையை மாத்தினா, அந்தப் பத்து பேர் ஆளுக்குப் பத்துன்னு அஞ்சு தலைமுறை போனா 125 வருஷத்துல 80 கோடி பேர்னு. கணக்கு சரி தான், மனுஷன் தான் அப்படி வாய்ப்பாடு மாதிரி நடக்க மாட்டான். அதையும் அவர் கிண்டலா தான் ஆரம்பிக்கிறாரு, ஒரு சராசரி அமெரிக்கர் வாழ்நாள்ல 10,000 பேரைச் சந்திப்பாருன்னு ஒரு இன்டர்நெட் தேடல் சைட் சொல்லுது, அதை விட ஆராய்ச்சி வேணுமான்னு.

பேச்சு கட்டின விதத்தையும் பாருங்க. ஒவ்வொரு கதை முடிஞ்சதும் உலகத்தை மாத்தணும்னா இதைப் பண்ணுன்னு ஒரே அடியில வந்து விழும். பத்து தடவை. பாட்டுல சரணம் முடிஞ்சு பல்லவிக்கு வர்ற மாதிரி. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவங்களுக்கு இந்த டெக்னிக் புதுசில்ல, கூட்டத்தைக் கையில பிடிச்சு வெச்சுக்க இதை விட நல்ல வழி இன்னும் யாரும் கண்டுபிடிக்கல. 2005ல ஸ்டான்ஃபோர்டுல ஸ்டீவ் ஜாப்ஸ் பேசினதோட இதை ஒப்பிடுவாங்க. அதுவும் அருமையான பேச்சு தான், மூணு கதை, பேப்பரைப் பாத்து படிச்சாரு, கேக்கும்போது மனசு கனக்கும். ஆனா காலேஜை விட்டு நின்னு கம்பெனி ஆரம்பிச்சு அதுலேர்ந்தே துரத்தப்பட்டு திரும்ப வர்றதுங்கறது ஜாப்ஸுக்கு மட்டும் தான் நடக்கும். மணலும் போர்வையும் எல்லாருக்கும் கிடைக்கும்.

ஒரே ஒரு இடத்துல நான் அவரோட ஒத்துப் போகல. கடைசி பாடம், மணி. பயிற்சி மைதானத்துக்கு நடுவுல ஒரு பித்தளை மணி தொங்கும், எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி. முடியலன்னா போயி அடிச்சுட வேண்டியது தான், அஞ்சு மணிக்கு எந்திரிக்க வேண்டாம், பச்சைத் தண்ணியில இறங்க வேண்டாம், வீட்டுக்குப் போயிடலாம். உலகத்தை மாத்தணும்னா அந்த மணியை மட்டும் ஒருநாளும் அடிக்காதேங்கறாரு. கேக்க நல்லா இருக்கு. ஆனா 150ல 42 போக மிச்சம் 108 பேர் இருக்காங்கல்ல, அவங்க எல்லாம் தோத்தவங்களா? அதுல எத்தனை பேர் நல்ல டாக்டரா, நல்ல வாத்தியாரா, நல்ல அப்பனா போயிருப்பாங்க. 2022 பிப்ரவரியில இதே பயிற்சியில ஹெல் வீக்னு சொல்ற ரொம்பக் கடுமையான வாரத்தை முழுசா முடிச்ச ஒரு பையன், முடிச்ச சில மணி நேரத்துல நிமோனியாவுல செத்துப் போனான், அதுக்கப்புறம் நேவியே விசாரணை வெச்சு மருத்துவ கவனிப்புல ஓட்டை இருந்துச்சுன்னு ஒத்துக்கிச்சு. மணி அடிக்காம இருக்கிறது சில நேரம் வீரம், சில நேரம் உடம்பு கத்துறது காதுல விழாத கோளாறு. என் ஸ்டூடண்ட் ஒருத்தி அப்பாவுக்காக ரெண்டு வருஷம் பிடிக்காத கோர்ஸ்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு, ஒரு நாள் டிசி வாங்க வந்து நின்னா. ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நான் தான். இன்னைக்கு ரெண்டு தெரு தள்ளி டெய்லரிங் கடை வெச்சிருக்கா, எங்க வீட்டு ஜாக்கெட் எல்லாம் அங்க தான்.

ஒன்பதாவது பாடத்தை வேணும்னே கடைசிக்கு வெச்சிருக்கேன். அவர் பயிற்சி எடுத்தப்ப ஒன்பதாவது வாரம் ஹெல் வீக், ஆறு நாள் தூக்கமே கிடையாதுங்கறாரு. புதன்கிழமை சான் டியாகோவுக்கும் மெக்சிகோவோட டிஹுவானாவுக்கும் நடுவுல இருக்கிற சேத்து நிலத்துக்குக் கூட்டிட்டுப் போயி இறக்கிடுவாங்க. பொழுது சாயுது, பேட்ச்ல யாரோ ஏதோ ரூல்ஸை மீறிட்டாங்கன்னு எல்லாரையும் சேத்துக்குள்ள போகச் சொல்லியாச்சு, கழுத்து வரைக்கும் சேறு, தலை மட்டும் தான் வெளிய தெரியுது. இன்ஸ்ட்ரக்டர் சொல்றாரு, அஞ்சே அஞ்சு பேர் விலகினா போதும், மத்த எல்லாரும் வெளிய வந்துடலாம். விடியறதுக்கு இன்னும் எட்டு மணி நேரம் இருக்கு. பல்லு அடிச்சுக்கிற சத்தமும் முனகலும் தவிர வேற ஒண்ணும் கேக்கல, சில பேர் விலகத் தயாராயிட்டாங்கன்னு பாத்தாலே தெரியுது. அப்ப ஒருத்தன் பாட ஆரம்பிக்கிறான். சுருதியே சேரல, ஆனா கத்திப் பாடுறான். ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு, கொஞ்ச நேரத்துல மொத்த பேட்ச்சும் பாடுது. பாட்டை நிறுத்தலன்னா இன்னும் நேரம் சேத்துல தான்னு மிரட்டறாங்க, நிறுத்தல. சேறு கொஞ்சம் சூடான மாதிரி இருந்துச்சு, காத்து கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்துச்சு, விடியல் அவ்வளவு தூரம் இல்லாத மாதிரி இருந்துச்சுங்கறாரு.

என்ன பாட்டுன்னு மட்டும் அவர் சொல்லவே இல்ல. ஒரு வருஷம் ஃபைனல் இயர் பசங்களுக்கு கடைசி கிளாஸ் அன்னைக்கு ப்ரொஜெக்டர்ல இதைப் போட்டுக் காட்டினேன். முடிஞ்சதும் ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் கடைசி பெஞ்சுலேர்ந்து ஒருத்தன், சார் அந்த சேத்துல நம்ம கிளாஸ் நின்னிருந்தா என்ன சார் பாடியிருப்போம்னான். அவ்வளவு தான், ராஜா பாட்டா ரஹ்மான் பாட்டான்னு பெஞ்சுக்கு பெஞ்சு சண்டை, ஒருத்தி எந்திரிச்சு கானா தான் சார் சேத்துக்கு செட் ஆகும்னா, முடிவு எட்டறதுக்குள்ள ஆளாளுக்குப் பாட ஆரம்பிச்சுட்டாங்க, ஒருத்தனுக்கும் சுருதி இல்ல. பக்கத்து கிளாஸ் மேடம் வந்து கதவைத் தட்டினாங்க, சத்தத்தைக் குறைக்கலன்னா எச்ஓடி கிட்ட சொல்லிருவேன்னாங்க. யாரும் நிறுத்தல.